தறப்பாளின் கீழ் இரண்டு இரவுகள்

“வீடு வாசல் இல்லாதவன் வெளியிலே படுப்பான். எல்லாம் இருக்கிற நீ ஏன் தம்பி பெண்சாதி பிள்ளையளோட போய் வயற்கரையிலே படுக்க வேணும்?”

எம் அன்னையார் இவ்வினாவைத் தொடுத்தபொழுது எமக்கு உடனே விடை வரவில்லை. ஓர் இந்துக் கல்லூரியிலே புவியியல் கற்பித்து இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். விடை தெரியாத வினாவொன்றை மாணாக்கன் கேட்டுவிட்டால், “நல்ல கேள்வி, நாளைக்கு எல்லாரும் இதற்கு விடை தேடிக்கொண்டு வாருங்கள்” என்று கூறித் தப்பிக்கொள்ளும் வித்தை ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. பெற்ற தாயிடம் அந்த வித்தை பலிப்பதில்லை.

வினா எழுந்த வரலாறு இது. கனடாவிலே வாழும் எம் மைத்துனர் சென்ற ஆவணியிலே குடும்பத்துடன் ஊருக்கு வந்திருந்தார். அந்நாட்டிலே கோடை பிறந்துவிட்டால் மக்கள் கூடாரம், படுக்கை, அடுப்பு, சட்டி பானை அனைத்தையும் காரிலே ஏற்றிக்கொண்டு வனப் பூங்காக்களுக்குப் போவார்களாம். கார் நிற்குமிடத்திலேயே கூடாரம் அடித்து, இரண்டு மூன்று நாட்கள் சும்மா இருந்துவிட்டு வருவார்களாம். மலையேறிகளைப் போல முதுகிலே மூட்டை சுமக்க வேண்டியதில்லை. மறந்துபோன சாமானுக்கு அழ வேண்டியதுமில்லை. காரை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வரலாம். இவ்வாறெல்லாம் எம் பிள்ளைகளிடம் கதை கதையாகச் சொன்ன மைத்துனர், இங்கே எங்காவது தங்கிப் பார்ப்போமென்று தாம் கொண்டுவந்த கூடாரத்தையும் ஒரு சிறு வாயு அடுப்பையும் பயன்படுத்தாமலே எம் வீட்டில் விட்டுச் சென்றார். திரும்பும்பொழுது அவருடைய பெட்டியிலே கூடாரம் இருந்த இடத்தை மிளகாய்த் தூளும் ஒடியல் மாவும் பனாட்டும் பிடித்துக்கொண்டன.

அன்று தொடங்கியது எம் வீட்டுக் கிளர்ச்சி. மகனுக்கு வயது பதினைந்து, மகளுக்குப் பதினொன்று. இருவரும் நாள்தோறும் கூடாரத்தைக் கூடத்திலே விரித்து நிறுத்துவதும், அதனுள்ளேயிருந்து வீட்டுப்பாடம் எழுதுவதுமாயினர். எம் துணைவியார் கூட்டுவதற்கு இடமின்றிக் குறைப்பட்டார். போய்வருவதற்கு எமக்கும் உள்ளூர விருப்பந்தான். ஆனால் சனிக்கிழமையென்றால் மகனுக்கு மூன்று தனியார் வகுப்புகள், மகளுக்கு இரண்டு. நாமும் சனிக்கிழமைகளிலே பிறர் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவரே. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஏழு நாளும் பள்ளிக்கூடமாகிவிட்டதென்று மேடையிலே பேசிவிட்டு, இறங்கி வந்து மாலை வகுப்புக்குச் செல்லும் கூட்டத்தில் எம்மையும் சேர்த்தே எண்ணிக்கொள்க. இரண்டு நாட்களை விடுவித்துக்கொள்வதற்கு எமக்கு ஐந்து மாதம் பிடித்தது.

காரையும் கூடாரத்தையும் சேர்த்துப் பொழுதுபோக்காக்கியவருள் அமெரிக்கர் முன்னணியில் நின்றவர். 1908ஆம் ஆண்டிலே ஃபோர்ட் கம்பனியின் ‘மொடல் ரி’ கார் வெளிவந்து, நாளடைவிலே விலையும் குறைய, சாதாரண குடும்பங்களும் கார் வாங்கலாயின. 1915க்கும் 1924க்கும் இடைப்பட்ட பெரும்பாலான ஆண்டுகளிலே ஹென்றி ஃபோர்டும், எடிசனும், டயர் செய்து பெருஞ்செல்வரான ஃபயர்ஸ்ரோனும் கார் வரிசையொன்றிலே கூடாரங்களுடன் ஊர் ஊராகச் சுற்றினர். தங்களுக்கு அவர்கள் இட்டுக்கொண்ட பெயர் ‘நாடோடிகள்’. அந்நாடோடிகளுடன் சமையற்காரரும் சமையலுக்கென்று தனி வண்டியும் சென்றமை கவனிக்கத்தக்கது. எம்முடன் சமையலுக்கு யார் வருவார் என்ற கேள்வியைத் துணைவியார் கேட்டபொழுது இச்செய்தியை நாம் வெளியிடவில்லை.

நம்மவருக்கு வெளியிலே தங்குவது புதிதன்று. எனினும் இன்பத்துக்காகத் தங்குவது புதிது. முல்லைப்பாட்டிலே நப்பூதனார் காட்டும் பாசறை போருக்காக அடித்த பாசறை; அங்கே அரசனுக்கு உறக்கமே வரவில்லை. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் மரத்தடியிலும் கோயில் மடத்திலும் படுத்தெழும்புவது நேர்த்திக்காக. மூன்றாவது வகையொன்றும் உண்டு. அன்னையாரின் வினா அங்கிருந்தே வந்தது.

அதைக் கூறுமுன் எம் காரைப் பற்றிக் கூற வேண்டும். அது ஒஸ்ரின் ஏ 40, சோமசெற் இனம். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்திலே செய்யப்பெற்றது. தந்தையார் அதனைக் கைமாறிய காராக வாங்கினார். கியர்த்தடி சுக்கானோடு சேர்ந்திருக்கும். திரும்பும் திசையைக் காட்டுவதற்குப் பக்கத்திலிருந்து சிறு கையொன்று வெளியே நீளும். நீளாத நாட்களிலே சாரதி தன் கையை நீட்ட வேண்டும். 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபொழுது, சில துளி பெற்றோலை ஊட்டி இயந்திரத்தைக் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெயிலே ஓட்டிய கார்களுள் இதுவும் ஒன்று. புகை தெருவை மறைக்கும், ஆனால் ஓடும். தந்தையார் காலமான பின் இதனை விற்றுவிடுமாறு பலர் கூறினர். விற்க மனம் வரவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டுமென்ற அறிவித்தல் வந்தது. அன்றிரவு மழை பெய்தது. இலட்சக் கணக்கான மக்கள் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தனர். எமக்கு அப்பொழுது வயது பதினைந்து. தந்தையார் ஒஸ்ரினை ஓட்டினார் என்று சொல்வது மிகை. கார் சனத்தோடு சனமாக உருண்டது. பின்னாசனத்திலே தந்தையாரைப் பெற்ற பாட்டியார் மூட்டைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். நாமும் அன்னையாரும் காரின் கதவைப் பிடித்தபடி நடந்தோம். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியபொழுது விடிந்துவிட்டது. மீசாலையிலே ஒரு தென்னந்தோட்டத்தில் இடம் கிடைத்தது. காரின் கூரையிலிருந்து தென்னை மரத்துக்கு ஒரு நீலத் தறப்பாளை இழுத்துக் கட்டினார் தந்தையார். அதுவே ஆறு மாதத்துக்கு எம் வீடு. 1996 ஏப்ரிலிலே தென்மராட்சியும் இராணுவத்தினர் வசமான பின் ஊருக்குத் திரும்பினோம். பாட்டியார் திரும்பவில்லை.

ஆகவே, காரோடு கூடாரமடித்துத் தங்குவதைக் கனடாக்காரர் எமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அன்னையார் அதனை ஆறு மாதம் பயின்றவர். பிள்ளைகள் கூடாரத்தைக் கூடத்திலே விரித்த நாட்களில் அவர் அவ்வழியாற் போகாமல் பின் விறாந்தையைச் சுற்றிப் போனதை நாம் கண்டும் காணாதவரைப்போல் இருந்தோம்.

அவரை அசைத்தவள் மகள். ஒருநாள் பங்குனித் திங்களைப் பற்றிக் கேட்டாள். சிறுபராயத்திலே தம் தகப்பனாரின் மாட்டு வண்டியிலே மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் போனதையும், மர நிழலிலே அடுப்பு மூட்டிப் பொங்கியதையும், மட்டுவிற் கத்தரிக்காயிலே கறி காய்ச்சிப் படைத்ததையும், நேரம் சென்றுவிட்டதென்று வண்டிலின் கீழே சாக்கு விரித்துப் படுத்து விடியலிலே திரும்பியதையும் அன்னையார் உற்சாகமாகச் சொன்னார்.

“அப்ப அதுவும் வெளியிலே படுத்ததுதானே, அப்பாச்சி?” என்றாள் மகள்.

“அது கோயில்” என்றார் அன்னையார்.

பேச்சு அவ்வளவில் முடிந்தது. இரண்டு நாட்களின் பின், பரணிலே கிடந்த கறுத்தச் சட்டிகள் இரண்டைக் கழுவிக் கிணற்றடியிலே அவர் கவிழ்த்து வைத்திருந்தார். அவருடைய சம்மதம் வாயால் வருவதில்லை.

இடம் தேடுவதில் எமக்குச் சிரமமிருக்கவில்லை. எம்மிடம் கற்ற மாணாக்கரொருவரின் தந்தையாருக்கு மன்னார் மாவட்டத்திலே கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல் உண்டு. வயலோடு சேர்ந்த மேட்டு நிலத்திலே மருத மரங்கள், ஒரு கிணறு, ஒரு காவற்கொட்டில். குளமும் சூழலும் பறவைகளின் சரணாலயமாதலின் குளக்கட்டிலோ அலைகரையிலோ கூடாரமடித்தல் தகாது. தனியார் காணியிலே உரியவரின் சம்மதத்துடன் தங்குவதில் தடையில்லை. ஆயினும் அவ்விடத்துக் கிராம அலுவலருக்கும் ஒரு சொல் சொல்லிவைத்தோம். இரவிலே வயற்கரையில் வெளிச்சம் கண்டால் ஊரவர் ஐயுறுவது இயல்பே.

மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, கல்லூரி விட்டதும் புறப்பட்டோம். காரின் பின்பெட்டியிலே கூடாரம், கடையிலே புதிதாக வாங்கிய பச்சைத் தறப்பாள், கயிறு, வாயு அடுப்பு, அரிசி, பருப்பு, பனங்கட்டி, குடிதண்ணீர்க் கொள்கலன் இரண்டு. கூரைமேலே மடக்குக் கட்டிலொன்றும் பாய்களும். துணைவியார் மடியிலே ஊறுகாய்ப் போத்தல். இன்னும் என்னென்னவோ இருந்தன. அவற்றுட் பாதி திரும்பும்வரை அவிழ்க்கப்படவேயில்லை. முதன்முறை போகிறவர்களுக்கு நாம் கூறக்கூடிய புத்திமதி, எடுத்துவைத்த சாமானிலே பாதியை வீட்டில் இறக்கிவிடுங்கள் என்பதே. ஆனால் கயிற்றை மட்டும் இரட்டிப்பாகக் கொண்டு செல்க.

நாவற்குழிப் பாலம் வந்தது. பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தனர். கண்ணாடியிலே பின்னாசனத்தைப் பார்த்தோம். அன்னையார் வெளியே கடல்நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தைக் கடந்து முடிக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. “முடிஞ்சுதோ?” என்று மட்டும் கேட்டார். முடிந்தது என்றோம்.

அங்கிருந்து மன்னார் வீதியிலே திரும்பிக் கேரதீவை அடைந்தோம். முன்னாட்களிலே கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்குமிடையே பாதையிலேதான் வாகனங்கள் கடல்நீரேரியைக் கடக்கும். 2011ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்பட்டது. இரு பக்கமும் நீர்ப்பரப்பு. நடுவே ஒஸ்ரின் எருமையைப்போல நிதானமாக நடந்தது. பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு. எங்களை முந்திச் சென்ற வாகனங்களிலுள்ளோர் பலர் கைகாட்டிச் சிரித்தனர். மணிக்கு இருபத்தைந்து மைல் வேகம் என்பது ஊர் பார்ப்பதற்கு ஏற்ற வேகமென்று அன்று கண்டோம். இயந்திரம் ஆறுவதற்கு வழியிலே இரண்டு இடத்தில் நின்றோம். அவ்விடங்களிலே காரைச் சுற்றிக் கூடிய பெரியவர்கள், ஆளுக்கொரு பழைய காரின் கதை சொன்னார்கள். அதனால் வயலை அடையும்பொழுது சூரியன் மறைய அரை மணி நேரமே இருந்தது.

கட்டுக்கரைக்குளம் பழமையானது. 5ஆம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் கட்டியதென்பர். அருவியாற்றைத் தேக்கத்திலே அணை கட்டி மறித்து, அந்நீரைக் கால்வாய் வழியே இதற்குள் கொண்டுவருகின்றனர். வகுப்பறையிலே நிலப்படத்தில் நீலப் புள்ளியாகப் பலமுறை காட்டியிருக்கின்றோம். அன்று மாலை குளக்கட்டிலே ஏறி நின்றபொழுதுதான், கரை தெரியாத அந்நீர்ப்பரப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாம் உருப்படியாக எதுவும் கற்பிக்கவில்லையென்பது விளங்கிற்று. நாரைகளும் நீர்க்காகங்களும் கூட்டங்கூட்டமாக மரங்களுக்குத் திரும்பின. கூழைக்கடாக்கள் சில, எவ்வித அவசரமுமின்றி, ஓய்வுபெற்ற உத்தியோகத்தரைப்போல நீரிலே மிதந்தன.

கூடாரம் அடிப்பதிலே மகன் வல்லவனாயிருந்தான். கூடத்திலே ஐந்து மாதம் பழகியவனல்லவா? உலர்ந்த கொப்பு தலைக்குமேல் இல்லாத இடமாகப் பார்த்து, சருகைக் கூட்டி, கல் பொறுக்கி, அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டான். அதற்குள் நால்வரே படுக்கலாம். ஆகையால் காரின் கூரைக் கம்பியிலிருந்து மருத மரத்துக்குத் தறப்பாளைக் கட்டினோம். கட்டிவிட்டுத் திரும்பியபொழுது, எம் உள்ளம் திடுக்கிட்டது. அதே கார், அதே சரிவு, நிறம் மாத்திரம் வேறு. அவிழ்த்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தோம்.

அன்னையார் வந்து பார்த்தார். “கொப்பர் இதைவிட உயர்த்திக் கட்டினவர்” என்றார். பின்பு போய்ச் சாமான் பையைத் திறந்தார்.

அவருக்குப் பின்னாசனத்தைப் படுக்கையாக்கித் தருவதாகத் துணைவியார் சொன்னார். “வேண்டாம் பிள்ளை. அது மாமியின்ர இடம். எனக்கு அந்தக் கட்டில் போதும்” என்றார். கட்டிலைத் தறப்பாளின் கீழ் விரித்தோம்.

மகள் வாயு அடுப்பை மூட்டினாள். நீலச் சுவாலை எழுந்தது. கேத்தலிலே தண்ணீர் கொதித்து, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் அன்னையாரின் கைக்கு வந்தது. ஒரு கையிலே பனங்கட்டித் துண்டை வைத்தபடி அவர் கேட்டார்: “எவ்வளவு நேரம் எடுத்தது, மோனை?”

“நாலு நிமிசம், அப்பாச்சி.”

“நாலு நிமிசம்” என்று அவரும் சொன்னார்.

அமாவாசையை அடுத்த நாட்களாதலின் வானம் கரிய பட்டுப்போல் இருந்தது. திருவாதிரையின் செம்மை உச்சிக்கு அண்மையிலே. மேற்கே கார்த்திகைக் கூட்டம். தெற்கிலே தாழ, அகத்திய நட்சத்திரம். மகன் கைத்தொலைபேசியை வானத்துக்குக் காட்டி அவற்றின் ஆங்கிலப் பெயர்களை வாசித்தான். அன்னையார் தொலைபேசி இல்லாமலே தமிழ்ப் பெயர்களைச் சொன்னார். அரைவாசிக்கு இருவரும் ஒத்துப்போயினர். வேப்பிலைப் புகையை மதியாத நுளம்புகள் எம்மை மட்டுமே தேடி வந்தன. நள்ளிரவிலே தலைமன்னார்ப் புகையிரதம் எங்கோ தொலைவில் ஓடும் ஓசை கேட்டது. 1990இலே நின்றுபோன அந்தப் பாதையிலே மீண்டும் தலைமன்னார் வரை வண்டி ஓடத் தொடங்கியது 2015இலேதான். அன்னையாரும் விழித்திருந்தார், கட்டில் கிரீச்சிட்டதால் அறிந்தோம். பேசவில்லை.

சனிக்கிழமையைப் பற்றி எழுத அதிகமில்லை. அதுவே அதன் பெருமை. காலையிலே திருக்கேதீச்சரம் சென்று பாலாவியிலே கால் நனைத்துச் சுவாமி தரிசனம் செய்து திரும்பினோம். மற்றப்படி ஒன்றும் செய்யவில்லை. அறுவடை முடிந்த வயலிலே பிள்ளைகள் ஓடினர். துணைவியார் மருத நிழலிலே பாய் விரித்துப் படுத்தார். திருமணமான பதினேழு ஆண்டுகளிலே அவர் பகலிலே, நோயின்றி, படுத்ததை நாம் அன்றுதான் கண்டோம். நாம் ஒரு புத்தகத்தைத் திறந்து அதே பக்கத்தை மூன்று முறை வாசித்தோம். சாப்பாட்டின் பொறுப்பை அன்னையார் ஏற்றார். வாயு அடுப்பு தேநீருக்கு நல்லதாம், சோற்றுக்கு ஆகாதாம். மூன்று கல்லை வைத்து, விறகு அடுக்கி, குத்தரிசிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலை வறையும் ஆக்கினார். வகுப்பு, பரீட்சை, புள்ளி என்ற சொற்கள் காலையிலிருந்து யார் வாயிலிருந்தும் வரவில்லையென்பதை மகன் பிற்பகல் நான்கு மணியளவிலே கண்டுபிடித்துச் சொல்லி, அதனைக் கெடுத்தான்.

இரவு பத்து மணி கழிந்திருக்கும். தெற்கிலிருந்து காற்று எழுந்தது. பின்னாலே பருவம் தப்பிய மழை. கூடாரம் தாங்கியது. தறப்பாள் தாங்கவில்லை. மூலையிலே கயிறு கோப்பதற்காகப் பதித்திருந்த தகரக் கண் பிய்த்துக்கொண்டு பறக்க, தறப்பாள் பேய் பிடித்ததுபோல் அடித்தது. நாம் ரோச் லைற்றோடு ஓடினோம். கிழிந்த ஓட்டையிலே மீண்டும் கயிற்றைக் கோத்தோம். அது இன்னும் கிழிந்தது. மற்ற மூலையும் போயிற்று. மழை கட்டிலின் மேல் இறங்கியது.

“தள்ளு தம்பி” என்ற குரல் கேட்டது. அன்னையார் சேலைத் தலைப்பை இடுப்பிலே செருகிக்கொண்டு நின்றார். குனிந்து, தரையிலே தடவி, ஒரு கூழாங்கல்லை எடுத்தார். தறப்பாளின் மூலைக்கு ஒரு சாண் உள்ளே கல்லை வைத்துத் துணியோடு சேர்த்துப் பொத்திப் பிடித்தார்; மொட்டுப்போல் திரண்ட அதன் கழுத்திலே கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டு இறுக்கினார். “இப்ப இழு” என்றார். இழுத்தோம். கல் முடிச்சை விட்டு வெளியே வரவில்லை. முடிச்சு கல்லை விட்டு நழுவவில்லை. “கண்ணிலே கட்டினால் கண் போகும். கல்லிலே கட்டினால் துணி முழுக்கத் தாங்கும்.” நான்கு மூலைக்கும் நான்கு கல். நான்காவதை மகள் கட்டினாள். மழைநீர் தேங்காமல் ஒரு பக்கத்தைத் தாழ்த்திவிட்டு, மண்வெட்டியால் கூடாரத்தைச் சுற்றிச் சிறு வாய்க்காலொன்று வெட்டுமாறு மகனுக்குக் கட்டளையிட்டார். எழுபத்திரண்டு வயது அவருக்கு. தந்தையாரே அன்று எல்லாம் கட்டினாரென்று முப்பது ஆண்டுகளாக நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் நிவாரண வரிசையிலும் விறகு தேடியும் அலைந்த பகல்களிலே தறப்பாளை யார் கட்டினாரென்று நாம் கேட்டதேயில்லை.

நனைந்த உடைகளை மாற்றிக்கொண்டு எல்லோரும் தறப்பாளின் கீழ் உட்கார்ந்தோம். துணைவியார் அடுப்பை மூட்டினார். மழையிலும் அந்த நீலச் சுவாலை அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே அன்னையார் பேசினார். பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே சொன்னார்.

“இப்பிடித்தான் மழை. கொப்பாவின்ர அப்பாச்சி காருக்குள்ளே படுத்திருந்தவ. குளிருது, ஒரு வாய் சுடுதண்ணி தா எண்டு கேட்டவ. விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிப் பார்த்தன். கொப்பா குடை பிடிச்சுக்கொண்டு நிண்டவர். உன்ர வயசுதான், ராசா. தண்ணி சுட்டு எடுத்துக்கொண்டு போக அவ போயிட்டா.”

எவரும் பேசவில்லை. நாம் குடை பிடித்தது எமக்கு நினைவிருந்தது. அவ்விரவைப் பற்றி எம் வீட்டிலே அதுவரை எவரும் வாய் திறந்ததில்லை. அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. கேத்தல் கொதித்தது. மகள் முதற் கோப்பையை அப்பாச்சியிடம் நீட்டினாள். அவர் வாங்கிச் சிறிது நேரம் கையிலே வைத்திருந்தார். பின்பு எழுந்து, காரின் பின்கதவைத் திறந்து, ஆசனத்தின் ஓரத்திலே அந்தக் கோப்பையை வைத்துவிட்டு வந்து, “எனக்கு வேற ஒண்டு ஊத்து, பிள்ளை” என்றார்.

மழை அரை மணி நேரத்தில் விட்டது. அன்றிரவு கட்டில் கிரீச்சிடவில்லை. ஏழு மணியாகியும் அவர் எழும்பாததைக் கண்டு துணைவியார் பயந்து மூச்சுப் பார்த்தார். நல்ல குறட்டை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை புறப்படும் வேளை வழக்கம்போல் ஆரவாரம். சாம்பலிலே தண்ணீர் ஊற்றிக் கிளறினோம். மிச்சக் குப்பையைச் சாக்கிலே கட்டிக் காரில் ஏற்றினோம். கிணற்றடியிலே கிடந்த பழைய பிளாஸ்ரிக் போத்தல்கள் எங்களுடையவையல்ல. ஆயினும் மகன் அவற்றையும் பொறுக்கினான். வயற்காரர் வந்து, பிள்ளைகளுக்கென்று ஒரு சிறு மூட்டை புதுநெல் அரிசியைத் தந்து, அடுத்த போகத்துக்கும் வருமாறு சொன்னார். ஒஸ்ரின் முதல் இரண்டு முறை மறுத்து மூன்றாவது முறை கிளம்பியது.

மகள் தறப்பாளின் மூலைகளை அவிழ்த்து, நான்கு கூழாங்கற்களையும் வாய்க்காலிலே கழுவித் தன் பையிலே போட்டாள். அன்னையார் கண்டுவிட்டார்.

“உதேன் மோனை கல்லைச் சுமக்கிறாய்? எறிஞ்சுபோட்டு வா. போற இடமெல்லாம் கல்லுக் கிடக்கும்.” பின்பு எம் பக்கம் திரும்பி, “தம்பி, தறப்பாளை ஈரத்தோட மடிக்காதை. அடுத்த முறை விரிக்கேக்கை மணக்கும்” என்றார்.

காரை நிறுத்திவிட்டு இறங்கித் தறப்பாளை வெயிலிலே விரித்தோம்.